மெஷினுக்கு வைத்த பொட்டு

எங்க ஊர் எம்பிராய்டரி கடைக்கு மரகதம் அக்காதான் முதலாளி. ஆனால் மெஷின் கம்பெனி என்ஜினீயர் சிகாமணி வந்துவிட்டால் அவர்தான் ராஜா.

அன்றைக்கு மெஷினுக்குள் இருக்கிற போர்டு எரிந்துபோனது. கல்யாணப் பொண்ணு ரவிக்கையில் மயில் தோகையில்லாமல் பாதியில் நிற்கிறது. விடிந்தால் முகூர்த்தம். சிகாமணி வந்து வேறு போர்டு மாட்டினார். மெஷினோ ஓடாமல், திரையில் சாஃப்ட்வேர் லைசென்ஸ் கேட்டது.

"மெஷின் வாங்கும்போதே லைசென்ஸும் வாங்கினோமே சார்?" என்றாள் அக்கா.

"அது பழைய மெஷினுக்கும்மா. போர்டு மாறினா இது புது மெஷின். லைசென்ஸும் புதுசா வாங்கணும். கம்பெனி ரூல்!"

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. நூல் வெட்டுகிற பொன்னாத்தா மட்டும் உள்ளே ஓடி, சந்தனம் குங்குமம் சூடத்தோடு வந்தாள்.

"புது மெஷினுங்களா! பொட்டு வைக்காம ஓட்டலாமுங்களா? உங்க கையாலயே சூடம் காட்டுங்க சார்."

சிகாமணிக்குப் பெருமை தாங்கவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு, பயபக்தியோடு சூடம் காட்டினார்.

பொன்னாத்தா கன்னத்தில் போட்டுக்கொண்டே கேட்டாள்: "அப்படியே புது மெஷினுக்கு உண்டான கேரண்டியையும் எழுதிக் குடுத்திருங்க சார்."

"கேரண்டியா? அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. இது பழைய மெஷின்மா!"

"பழசுங்களா? அப்ப பழைய லைசென்ஸே போதுமுங்களே."

கடையே சிரித்தது. சூடத்தட்டும் கையுமாக விழித்த சிகாமணி, மெல்லக் கம்பெனிக்குப் போன் போட்டார்.

"அதே மெஷின்தான் சார், போர்டு மட்டும்தான் மாத்தினேன். பழைய லைசென்ஸையே திறந்து விடுங்க."

மயிலுக்குத் தோகை முளைத்தது.

இப்போதெல்லாம் சிகாமணி கடைக்கு வந்தால், பொன்னாத்தா சூடம் எடுக்கப் போகிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார்.