மூணு மணிக் காற்று

ஆடியில் அம்மியே பறக்கும் கணவாய் அது. அங்கே நாளைக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு காற்று வீசும் என்று காற்றாலை ஆபரேட்டர் பிச்சைக்கனி முந்தின நாளே எழுதிக் கொடுக்க வேண்டும். மின்சாரத்தை வாங்கும் கட்டுப்பாட்டு அறையின் தலைவர் ஜீப்பிலிருந்து குதித்தார்.

“நேத்து மூணு மணிக்கு முழுக் காத்துன்னு எழுதினியேடா, ஒரு யூனிட்டும் வரலியே! கணிப்பைக் கெடுத்தவனுக்கு இங்கே வேலை கிடையாது.”

“அது யாரா இருந்தாலுமா ஐயா?”

“யாரா இருந்தாலும்!”

“அப்போ அதை இந்தப் பதிவேட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

போட்டார். அதற்கு மேலே இருந்த நேற்றைய வரியைப் பிச்சைக்கனி உரக்க வாசித்தான்: “இரண்டே முக்கால். காற்று பலம். மின்சாரம் மிஞ்சுவதால் எல்லா ஆலையையும் நிறுத்தச் சொல்லித் தலைவர் போனில் உத்தரவு.”

தலைவர் தொண்டையைச் செருமினார். “சரி சரி, நீ வேலையைப் பாரு.”

“போன மாசம் இதே குத்தத்துக்கு என்கூட வேலை பார்த்த சுடலையை வீட்டுக்கு அனுப்புனீங்களே. அவனுக்கும் வேலை உண்டா ஐயா?”

“உண்டு, வரச் சொல்லு.”

“அவனுக்கு நேத்துதான் பதினாறாம் நாள் காரியம் கழிஞ்சது ஐயா.”