கீழடுக்கு

சுத்திகரிப்பு ஆலையின் ஆய்வுக்கூடத்தில், நூர்ஜகானிடம் தொழில் கற்க வந்தவர் தனுஷ்கோடி. குருவைவிட ஆறு வயது மூத்தவர். நான்கு வருடம் உழைத்துத் தானே ஒரு கரைப்பானை உருவாக்கியிருந்தார்.

"நாளைக்கு ஆலையோட பெரிய பிரிப்புக் கோபுரத்துல இதை ஓட்டிப் பார்க்கணும் மேடம். நீங்க சரின்னு சொன்னாப் போதும். உங்க கிழட்டுக் கரைப்பானுக்கு ஓய்வு கொடுத்துடலாம்."

"முதல்ல காட்டுங்கண்ணே."

மேசைமேல் ஒரு புட்டியில் பென்சீனும் ஆல்கேன் எண்ணெயும் கலந்த திரவம் இருந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் கொதிப்பவை. காய்ச்சிப் பிரிக்க முடியாது. தனுஷ்கோடி அதை, அடியில் திருகு உள்ள கண்ணாடிப் பிரிபுனலில் ஊற்றி, தன் கரைப்பானைச் சேர்த்துக் குலுக்கி நிறுத்தினார்.

கலங்கல் மெல்லத் தெளிந்தது. நடுவே ஒரு கோடு விழுந்தது. மேலே ஆல்கேன். கீழே கரைப்பான், பென்சீனோடு.

அந்தக் கோடு விழும்போது தனுஷ்கோடி எப்போதும் மூச்சை அடக்கிக்கொள்வார். நூர்ஜகானும் அப்படித்தான்.

"மேலடுக்கைச் சோதிச்சுப் பாருங்க. பென்சீன் துளிகூட இருக்காது. உங்களோடதுல கொஞ்சம் தங்கும்."

நூர்ஜகான் சோதித்தார். துளிகூட இல்லை.

"பிரமாதம்ணே. கீழடுக்கை என்ன பண்ணுவீங்க?"

"கழிவு டப்பாவுல ஊத்திடுவேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஆமா. ஏன் மேடம்?"

நூர்ஜகான் கீழடுக்கை ஒரு குடுவையில் இறக்கி, மின் அடுப்பில் வைத்தார். ஆவி குளிர்ந்து சொட்டும் இடத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம்.

பென்சீன் கொதிக்கும் சூடு வந்தது. கடந்தது. அதைப்போல் இரண்டு மடங்கும் வந்தது. கிண்ணம் காய்ந்தே கிடந்தது. குடுவைக்குள் கரைப்பான் கறுத்துக் கெட்டியானது.

"பென்சீன் எங்க மேடம்?"

"உள்ளதான் இருக்கு. உங்காளு விட மாட்டேங்குறாரு."

தனுஷ்கோடி சிரிக்கவில்லை.

அடுத்து நூர்ஜகான் தன் கரைப்பானைக் கொண்டு அதே வேலையைச் செய்தார். மேலடுக்கில் கொஞ்சம் பென்சீன் தங்கத்தான் செய்தது. ஆனால் கீழடுக்கைச் சூடாக்கியதும் கிண்ணத்தில் முதல் துளி விழுந்தது. பிறகு நிற்காமல் சொட்டியது. குடுவையில் கரைப்பான் மட்டும் நின்றது.

"இது எப்ப வாங்கினது?"

"நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம். இன்னும் அதேதான் ஓடுது."

நூர்ஜகானின் தலை பாதி நரைத்திருந்தது. திரவம் சற்றே மஞ்சளாகியிருந்தது, அவ்வளவுதான்.

ஆறிய குடுவையை தனுஷ்கோடி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

"இத்தனை வருஷத்துல இதுக்குள்ள எவ்வளவு பென்சீன் போயிருக்கும்?"

"சின்னத் தண்ணி லாரி ஒண்ணு நிறையும். கணக்கு வச்சிருக்கேன்."

தனுஷ்கோடி குடுவையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"நாளைக்குக் கோபுரம் வேண்டாம் மேடம்."

"சரி."

"இப்ப இதுல எவ்வளவு பென்சீன் மிச்சம் இருக்கு?"

நூர்ஜகான் அடுத்த கலவைப் புட்டியைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"எல்லாம் இறங்கியாச்சு, இடம் இருக்குண்ணே. ஊத்துங்க."