ஏழாவது வேர்

அன்று குளத்துக்கு வந்திருந்தவர்கள் இருபத்தாறு பேர். காட்டுப்பன்றிகள் ஆறு, முள்ளம்பன்றிகள் நான்கு, கீரிகள் இரண்டு. மிளா மான்கள் ஐந்து, புள்ளிமான்கள் ஐந்து, முயல்கள் மூன்று. இவர்கள் போக, தலைகளை எண்ணிச் சொல்வதற்கு ஓர் ஆமை.

அந்தக் காட்டில் எதை முடிவு செய்வதானாலும் குளக்கரையில்தான் செய்வார்கள். ஒருவர் ஒரு யோசனை சொல்வார். சரி என்பவர்கள் அவர் நிற்கும் கரையில் நிற்க வேண்டும். வேண்டாம் என்பவர்கள் எதிர்க்கரையில் நிற்க வேண்டும். நடுவில் பாறைமேல் இருக்கும் ஆமை இரண்டு கரையையும் எண்ணும். சமமாக வந்தால் பழைய வழக்கமே நீடிக்கும்.

ஆனால் யாரும் கரை மாறி நின்றதே இல்லை. பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் கீரிக்கும் கிழக்குக் கரை. மிளாவுக்கும் புள்ளிமானுக்கும் முயலுக்கும் மேற்குக் கரை. பெற்றவர்கள் நின்ற கரையில் பிள்ளைகள் நின்றார்கள். யோசனை என்ன என்று கேட்பதற்கு முன்பே அவரவர் இடத்தில் நின்றுவிடுவார்கள்.

அன்று பேசியவன் கருவாயன். அவன் பெரிய ஆண்பன்றி, கிழக்குக் கரையின் தலைவன்.

"கோடை வந்தா காய்ச்சலும் வருது," என்றான். "கசப்புவேர் தின்னா தீரும். ஆனா ஒருத்தருக்கு ஏழு வேர் வேணும். மழைக்காலம் முழுக்கத் தோண்டினாலும் ஒருத்தருக்கு மூணுக்கு மேல அகப்படறதில்லை. வெயில் வந்துட்டா தரை பாறையாயிடும், தோண்ட முடியாது. அதனால ஆளுக்கு மூணு கொண்டுவந்து ஒரே குழியில போடுவோம். காய்ச்சல் யாருக்கு வந்தாலும் ஏழு எடுத்துக்கட்டும். எல்லாருக்குமா வரப்போகுது?"

மேற்குக் கரையின் தலைவன் நெடுங்கொம்பன் என்னும் மிளா. அவன் தலையை உயர்த்தினான்.

"என் குளம்பு தேயத் தோண்டின வேர், எவன் வாய்க்கோ போகவா? இன்னைக்கு வேரைக் கேட்கிறான். நாளைக்கு என் புல்லைக் கேட்பான்."

காது கிழிந்த முயல் ஒன்று பின்னாலிருந்து கேட்டது. "பன்றி காவல் காக்கிற குழியில வேரைப் போட்டா, விடியும்போது இருக்குமா?"

மேற்குக் கரை சிரித்தது. ஆமை எண்ணியது. கிழக்கில் பன்னிரண்டு, மேற்கில் பதின்மூன்று. யோசனை தோற்றது.

மூன்று வேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பலர் அந்த மழையில் தோண்டவே இல்லை. கருவாயன் தோண்டினான். அவன் மனைவி மருதியும் தோண்டினாள்.

கோடை வந்தது. அவர்களுடைய குட்டி வரியனுக்குக் காய்ச்சல் கண்டது. முதுகில் கோடுகள்கூட இன்னும் மறையாத குட்டி. மருதி தங்களிடம் இருந்த ஆறு வேர்களையும் அவனுக்குக் கொடுத்துவிட்டு, ஏழாவது வேரைத் தேடிப் போனாள்.

முள்ளம்பன்றியின் வளையில் மூன்று வேர்கள் இருந்தன. "தரக்கூடாதுன்னு இல்லை மதினி," என்றது அது. "நாளைக்கு என் பிள்ளைக்கு வந்தா நான் எங்கே போவேன்?"

குளத்தைச் சுற்றிப் போய்க் காது கிழிந்த முயலிடம் கேட்டாள். "அவரவர் வேர் அவரவருக்கு," என்றது முயல். "குளக்கரையில அப்படித்தானே முடிவாச்சு?"

அவள் திரும்பி வந்தபோது வரியன் இறந்து கிடந்தான்.

அதே கோடையில் நெடுங்கொம்பனின் மனைவியும் போனாள். அவர்களிடம் ஒரு வேர்கூட இல்லை. ஒரு முயலும் இறந்தது. மொத்தம் மூன்று பேர்.

மறுபடி மழை பெய்தது. குளத்தங்கரையில் கூட்டம் கூடியது. இப்போது கிழக்கில் பதினொன்று, மேற்கில் பதினொன்று.

இந்த முறை யோசனை சொன்னவன் நெடுங்கொம்பன். அவன் மெலிந்திருந்தான். குரலும் தாழ்ந்திருந்தது.

"ஒரு நலக் கிடங்கு அமைப்போம். ஆளுக்கு மூணு வேர் அதில சேர்ப்போம். காய்ச்சல் கண்டவர் யாரா இருந்தாலும் ஏழு எடுத்துக்கட்டும்."

கிழக்குக் கரையிலிருந்து முள்ளம்பன்றி கேட்டது. "போன வருஷம் குழின்னா கசந்தது. இப்போ கிடங்குன்னா இனிக்குதோ?"

"அது வேற, இது வேற," என்றான் நெடுங்கொம்பன்.

"என்ன வேற?"

"அது கிழக்குக் கரையில. இது மேற்குக் கரையில."

மேற்குக் கரையில் எல்லாத் தலைகளும் ஆமாம் என்று அசைந்தன. போன வருடம் சிரித்த தலைகள்தாம் அவை.

கருவாயன் முன்னால் வந்தான். "என் மூக்கு தேயத் தோண்டின வேர், எவன் வாய்க்கோ போகவா?" என்று கேட்டான். கிழக்குக் கரை ஆரவாரம் செய்தது. போன வருடம் குழி வேண்டும் என்று நின்றவர்கள் இவர்கள்தாம்.

மருதி அவன் பக்கத்தில் நின்றிருந்தாள். யாருக்கும் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்.

"இது நீங்க சொன்ன யோசனைதானே?"

"நான் சொன்னதுதான். இப்போ அவன் சொல்றான்."

"வேர் அதேதானே? ஏழும் அதே ஏழுதானே?"

"உனக்குப் புரியாது. இது நிறைவேறினா காலத்துக்கும் நெடுங்கொம்பன் கிடங்குன்னுதான் சொல்லுவாங்க. அவனால தோத்தது, அவன் பேருக்கா போகணும்?"

"அப்போ யார்தான் செய்யறது?"

"அடுத்த மழைக்கு நாமே கொண்டுவருவோம்."

மருதி தண்ணீரைப் பார்த்தாள்.

"வரியனுக்கு அடுத்த மழை வரலையே," என்றாள். பிறகு தண்ணீரில் இறங்கினாள்.

குளம் நிறைந்திருந்தது. அவள் நீந்தினாள். இரண்டு கரையிலும் பேச்சு நின்றுபோயிற்று. பின்னாலிருந்து யாரோ, "மதினி, கரை தப்பிப் போறீங்க," என்று கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மேற்குக் கரையில் ஏறி, உடம்பை உதறிவிட்டு நின்றாள். புள்ளிமான்கள் ஒதுங்கி இடம் விட்டன.

அப்போது காது கிழிந்த முயல் எழுந்தது.

"எங்கே போறே?" என்றான் நெடுங்கொம்பன்.

"பன்றியே வந்து ஆதரிக்குதுன்னா இதில ஏதோ இருக்கு. நான் இந்தக் கரையிலும் இல்லை, அந்தக் கரையிலும் இல்லை." முயல் புதருக்குள் போய்விட்டது.

நெடுங்கொம்பன் மருதியிடம் வந்தான். "நீ எங்க பக்கம் வந்தது பெரிய விஷயம்மா."

"நான் உங்க பக்கம் வரலைங்க. வேர் பக்கம் வந்தேன்," என்றாள் மருதி. "போன வருஷம் உங்கள்ல ஒருத்தர் இப்படி அந்தக் கரைக்கு நீந்தியிருந்தா, உங்க வீட்டிலேயும் சாவு இருந்திருக்காது."

அவன் கொம்புகள் தாழ்ந்தன.

ஆமை இரண்டு தடவை எண்ணியது. கிழக்கில் பத்து. மேற்கில் பதினொன்று. ஒரு தலை வித்தியாசத்தில் யோசனை நிறைவேறியது.

மழைக்காலம் முடிவதற்குள், குளக்கரை முடிவுக்குக் கட்டுப்பட்டு, இரண்டு கரையிலுமாக இருபது பேர் ஆளுக்கு மூன்று வேர் கொண்டுவந்து போட்டார்கள். கருவாயன் கொண்டுவரவில்லை. காது கிழிந்த முயலும் கொண்டுவரவில்லை. குழியில் அறுபது வேர்கள் சேர்ந்தன. காவலுக்கு மருதி இருந்தாள். அவள் அந்தக் கரையிலேயே தங்கிவிட்டாள். கிழக்குக் கரைக்காரர்கள் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கோடை வந்தது. முதலில் ஒரு புள்ளிமானுக்குக் காய்ச்சல். ஏழு வேர் வாங்கித் தின்றது, பிழைத்தது.

பிறகு ஒரு மத்தியானம் காது கிழிந்த முயல் தள்ளாடி வந்து குழிக்கு எட்டத்தில் உட்கார்ந்தது.

"நான் ஒண்ணும் போடலை," என்றது. "அன்னைக்கு உனக்கு ஒரு வேர்..."

"உடம்பு சுடுதா?" என்று கேட்டாள் மருதி.

"சுடுது."

"அப்போ எடுத்துக்கோ. காய்ச்சல் இருக்கான்னுதான் கேட்கணும். வேற எதையும் கேட்கிறதா முடிவாகலை."

முயல் ஏழு வேர்களை எடுத்துக்கொண்டது. ஒவ்வொன்றையும் எடுக்கும்போது அது கண்ணைத் தாழ்த்திக்கொண்டது.

மூன்றாவதாகக் காய்ச்சல் கண்டவன் கருவாயன். அவன் குழிக்கு வரவில்லை. கிழக்குக் கரைச் சேற்றில் படுத்துக் கிடந்தான். "நெடுங்கொம்பன் கிடங்கு வேரைத் தொட மாட்டேன்," என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தான். அவனைப் பார்க்க வந்தவர்கள், "தலைவர்னா இவர்தான்," என்று சொல்லிவிட்டு எட்ட நின்றார்கள்.

மருதி வேர்களை வாயில் கவ்விக்கொண்டு கரையைச் சுற்றி வந்தாள்.

"எந்தக் கரைக்காரன் தோண்டினது?" என்று கேட்டான் கருவாயன். குரல் எழும்பவில்லை.

"கழுவிட்டேன். எந்தக் கரை மண்ணும் இப்போ அதில இல்லை."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மருதி போகவில்லை. ஒரு வேரை அவன் வாயருகில் வைத்தாள். நெடுநேரம் கழித்து அவன் அதைத் தின்றான். இரண்டாவதைத் தின்றான். மூன்றும் நான்கும் தின்றான். ஐந்தையும் ஆறையும் தின்றான்.

பிறகு மருதி ஏழாவது வேரை வைத்தாள்.

கருவாயன் அதைத் தின்னவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அன்னைக்கு இது ஒண்ணுதான் குறைஞ்சது," என்றான்.

"ஆமாம்," என்றாள் மருதி.

"இது நடக்கக்கூடாதுன்னு நானே நின்னேனே."

"தின்னுங்க," என்றாள் மருதி.

அவன் தின்றான். அன்று அவன் வாய்க்கு அதைவிடக் கசந்த வேர் வேறில்லை.

கோடை முடிந்ததும் ஆமை குழிக்கு வந்து மிச்சத்தை எண்ணியது.

நல்லதைச் சொன்னவன் நம்மவனா என்று பார்த்து அதை ஏற்கவும் தள்ளவும் செய்கிறவர்கள், எதிராளியைத் தோற்கடிப்பதாக நினைத்துத் தங்கள் வீட்டு உயிரையே தோற்கிறார்கள். முந்திய கோடையில் இறந்த மூன்று பேருக்கும் சேர்த்து வேண்டியிருந்தவை இருபத்தொரு வேர்கள். இந்தக் கோடையில் மூன்று பேர் தின்று பிழைத்தது போகக் குழியில் மிஞ்சியவை முப்பத்தொன்பது.