ஜெய்னம்பு தமிழில் கேட்ட துஆ

ஜெய்னம்பு உம்ராவுக்குப் புறப்படுகிறாள் என்று தெரிந்ததும் பாதி ஊர் அவள் வீட்டுக்கு வந்துவிட்டது. மக்காவுக்குப் போகிறவர்களிடம் "எனக்காக துஆச் செய்ங்க" என்று தங்கள் வேண்டுதலைச் சொல்லி அனுப்புவது அந்தக் கடலோர ஊரின் வழக்கம். வெறும் வாயால் சொன்னால் மறந்துவிடுவாளோ என்று பயந்து ஆளாளுக்குச் சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்கள். மருமகனுக்கு விசா, பேத்திக்கு மாப்பிள்ளை, மாமியாருக்கு நல்ல புத்தி. அந்தக் கடைசி விண்ணப்பம் மட்டும் ஏழு வீட்டிலிருந்து வந்தது.

கஅபாவின் முன் நின்று ஒன்று விடாமல் வாசித்தாள். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவர்கள்கூட அவள் குரலைக் கேட்டு ஆமீன் சொன்னார்கள்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள், பிற்பகல் அஸர் தொழுத கையோடு, மக்காவிலிருந்து கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் எடுத்துக்கொண்டு தைக்காவுக்குப் போனாள். பெண்கள் மட்டும் கூடி ஓதுகிற இடம் அது. அங்கே ஓதிக்கொடுப்பவள் மஹ்மூதா ஆலிமா. ஜெய்னம்புவைவிடப் பதினைந்து வயது சின்னவள், அவளை லாத்தா, அக்கா, என்று கூப்பிடுகிறவள். ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் ஜெய்னம்பு குர்ஆனைத் திருத்தமாக ஓதக் கற்றுக்கொண்டது அவளிடம்தான்.

ஆலிமா ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"எல்லாருக்கும் கேட்டீங்களா, லாத்தா?"

"ஒருத்தரையும் விடல."

"உங்களுக்கு?"

ஜெய்னம்பு ஜம்ஜம் பாட்டிலின் மூடியை இறுக்கினாள்.

"எனக்கென்ன? அல்லாஹ் எல்லாம் தந்திருக்கான். அல்ஹம்துலில்லாஹ்."

இந்த அல்ஹம்துலில்லாஹ்வை ஊர் நன்றாக அறியும். நாலு வருடத்துக்கு முன் அவளுடைய ஒரே மகன் ஃபாரிஸ் பைக் விபத்தில் மவுத்தானபோதும் இதைத்தான் சொன்னாள். "கொடுத்தவன் எடுத்துக்கிட்டான்" என்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சபூர் என்றால், பொறுமை என்றால், இதுவல்லவா என்று ஊரே மெச்சியது. பெண்களுக்கு நடக்கும் பயான் சொற்பொழிவில் பேர் சொல்லாமல் அவளை உதாரணம் காட்டினார்கள். பாவம், அந்த மெச்சல்தான் அவள் வாயைப் பூட்டியது. அப்புறம் எந்த முகத்தோடு அழுவாள்?

பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டு அவளே பேச்செடுத்தாள்.

"ஆலிமா, நெஞ்சு அடைக்குது. மூச்சு பாதியிலயே நிக்குது. தூக்கம் கிடையாது. டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துட்டு ஒண்ணுமில்லைங்கறார்."

"மாத்திரை கொடுத்தாரா?"

"கொடுத்தார்."

"அத விடாமச் சாப்பிடுங்க."

"சாப்பிடறேன். இதுக்குன்னு ஓத ஒரு துஆவும் சொல்லிக்கொடுங்க."

"எத்தனை துஆ உங்களுக்கு மனப்பாடம்?"

"நாப்பது, அம்பது இருக்கும். எல்லாத்தையும் ஓதிட்டேன். தண்ணியில ஓதி ஊதியும் குடிச்சுப் பார்த்துட்டேன்."

"அப்போ அம்பத்தொண்ணாவது எதுக்கு?"

ஜெய்னம்புவுக்குச் சுருக்கென்றது. வேறு யாராவது கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பாள்.

ஆலிமா ஜன்னலைச் சாத்தினாள். தொழுகைப் பாயான முஸல்லாவை விரித்தாள்.

"உக்காருங்க. கையேந்துங்க. மனப்பாடம் வேண்டாம், அரபும் வேண்டாம். வீட்டுல பேசற தமிழ்ல பேசுங்க."

"என்னத்தைப் பேச?"

"நெஞ்சை அடைச்சுக்கிட்டு இருக்கிறத."

"அல்லாஹ்கிட்ட நான் முறையிட மாட்டேன், ஆலிமா. என் சபூர் போயிடும்."

"மனுஷங்ககிட்ட முறையிடாம இருந்தா அது சபூர். அவன்கிட்டயும் மறைச்சா அதுக்கு என்ன பேரு?"

"அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"சின்னதுல ஃபாரிஸ் முழங்கால்ல ரத்தத்தோட வந்து நிப்பானே, பார்த்ததுமே விழுந்துட்டான்னு உங்களுக்குத் தெரியும். அப்புறமும் 'என்ன வாப்பா ஆச்சு'ன்னு எதுக்குக் கேட்டீங்க?"

ஜெய்னம்பு முஸல்லாவில் உட்கார்ந்தாள். அவள் முன்னால் அந்தப் பெயரை யாரும் சொல்லி நாளாயிற்று.

ஆலிமா வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தனியே உட்கார்ந்தவள் பழக்கதோஷத்தில் அரபியிலேயே ஆரம்பித்தாள். குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கடகடவென்று கொட்டியது. ஐந்து நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துபோயிற்று. வெளியே, பாடத்துக்கு வந்த பெண்களிடம் ஆலிமா சொல்வது கேட்டது.

"கொஞ்சம் இருங்க. உள்ளே ஒருத்தங்க பேசிக்கிட்டிருக்காங்க."

நான் எங்கே பேசினேன் என்று ஜெய்னம்புவுக்கு வெட்கமாகிவிட்டது.

"யா அல்லாஹ்," என்றாள். அவள் தமிழ் அவளுக்கே கூச்சமாக இருந்தது. "யா அல்லாஹ், அன்னிக்கு விடியக்காலையில அவன் சுபுஹு தொழல."

 இதைப் புருஷனிடம்கூட அவள் சொன்னதில்லை.

"எழுப்பி எழுப்பிப் பார்த்தேன், அசையல. எட்டு மணிக்கு எந்திரிச்சு வந்து ஆப்பம் கேட்டான். சுபுஹு தொழாதவனுக்கு என் கையால ஒண்ணும் கிடையாது, உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு ஏசிட்டேன். சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே பைக்கை எடுத்தான். வெறும் வயித்தோட போனான்."

கையை ஏந்தவே முடியவில்லை. மடியில் போட்டுக்கொண்டாள்.

"எனக்காகவா ஏசினேன்? உனக்காகத்தானே ஏசினேன்? உன் தொழுகைக்காகத்தானே? மத்தியானமே எடுத்துக்கிட்டியே! சாயங்காலம் வந்திருந்தா சோறு போட்டுச் சமாதானம் ஆயிருப்பேனே. அதுக்குள்ள உனக்கென்ன அவசரம்?"

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். அடுத்த நிமிடம் அவள் நெற்றி முஸல்லாவில் கிடந்தது. நாலு வருடமாக அழாத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. எவ்வளவு நேரம் அழுதாளோ, அவளுக்கே தெரியாது. கடைசியில் விக்கலுக்கு நடுவே ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பசியோட வந்த புள்ள, அல்லாஹ். அவனுக்குச் சாப்பிட ஏதாவது கொடு."

பொழுது சாயும் நேரத்தில், மக்ரிபு பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் கதவைத் திறந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. மற்ற பெண்கள் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூ செய்யப் போயிருந்தார்கள். வாசற்படியில் ஆலிமா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"நெஞ்சு எப்படி இருக்கு, லாத்தா?"

ஜெய்னம்பு மூச்சை இழுத்துப் பார்த்தாள். அது அடிவயிறு வரைக்கும் போயிற்று.

"வலிக்குது. ஆனா அடைப்பு இல்ல."

ஆலிமா நகர்ந்து இடம் கொடுத்தாள். ஜெய்னம்பு உட்காரவில்லை.

"ஆலிமா, நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன். அல்லாஹ்கிட்டயே சண்டை போட்டுட்டேன். உனக்கென்ன அவசரம்னு கேட்டுட்டேன். என்னை அவன் சும்மா விடுவானா?"

ஆலிமா அவள் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"நாலு வருஷமா ஊராருக்காகவெல்லாம் அவன் வாசல்ல நின்னுட்டு, உங்களுக்காக மட்டும் போகாமலே இருந்தீங்க. இன்னிக்குத்தான் அழுதுகிட்டே போய் நின்னிருக்கீங்க. வந்ததும் வராததுமா விரட்டுறவனா அவன், லாத்தா?"