இலை போட்டுவிட்டுச் சோறு போடாத பல்லி

“அந்தப் பல்லி எதுக்குடா சத்தம் போட்டுச்சு? சொல்லு! இல்லேன்னா யானை உன்னைத் தூக்கி அகழியில வீசிரும். அகழியில முதலை இருக்கு, தெரியும்ல?”

கத்தினவர் இடும்பவர்மன். ரொம்பக் காலத்துக்கு முன்னால் நெட்டூரை ஆண்ட ராஜா. ஆண்டதைவிடக் கதை கேட்டதுதான் அதிகம். அவர் காலடியில் குப்புறக் கிடந்தவன் அரண்மனைக் கதைசொல்லி அரியமுத்து. அவன் தலைப்பாகையை ஏற்கெனவே பிடுங்கிவிட்டார்கள். தலைப்பாகை இல்லாமல் வெளியே வருகிறவன்தான் குற்றவாளி. வாசலில் யானையோடு நிற்கும் பாகனுக்கு அந்த அடையாளம் போதும், வேறெதுவும் கேட்க மாட்டான்.

விஷயம் இதுதான். முந்தின நாள் சொன்ன கதையில் ஒரு இளவரசி கல்யாணத்துக்குப் புறப்படுகிறாள். வாசப்படி தாண்டும்போது பல்லி சொல்கிறது. ஒரு நொடி நிற்கிறாள். அப்புறம் போகிறாள், தாலி ஏறுகிறது, விருந்து, சுபம். பல்லியைப் பற்றி மூச்சே இல்லை. ராஜாவுக்குத் தூக்கம் போச்சு. ராணியை எழுப்பி, “அந்தப் பொண்ணு தாலி அறுந்திருக்குமோ?” என்று கேட்டார். ராணி தலையணையை வெளியே வீசினாள். ராஜாவையும்தான்.

உண்மையைச் சொன்னால், கதை நடுவில் சபை உத்தரத்தில் நிஜப் பல்லி ஒன்று கத்தியது. அரியமுத்து அதையும் கதையில் சேர்த்துவிட்டு மறந்துபோனான். அவ்வளவுதான். ஆனால் இதைச் சொன்னால் முதலை.

தலைமைப் புலவர் சங்கநிதிக் கவிராயருக்கு ஒரே குஷி. “பல்லியாவது கில்லியாவது! என் காவியத்தில் எதுவும் முன்கூட்டித் தெரியாது மகாராஜா. எல்லாம் திடீர்!”

“அதை ஒரு தடவை கேட்டுட்டு என்னை வீசுங்க மகாராஜா” என்றான் அரியமுத்து.

கவிராயர் தொண்டையைச் செருமினார். “திடீரென்று ஒரு கிணறு! திடீரென்று சேனாதிபதி விழுந்தான்! திடீரென்று ஒரு முதலை!”

“கிணத்துல முதலை எப்படிய்யா வந்துச்சு?”

“திடீரென்று, மகாராஜா.”

“சரி, கடைசியில யாரு ஜெயிச்சா?”

“மாமனார்.”

“எந்த மாமனார்?”

“திடீர் மாமனார்.”

ராஜா கொட்டாவி விட்டார். அப்போது உத்தரத்தில் பல்லி சொன்னது. சபை மொத்தமும் விரலால் தரையைத் தட்டியது. ராஜா கொட்டாவியைப் பாதியில் விழுங்கிவிட்டு மேலே பார்த்தார்.

அரியமுத்து எழுந்தான். “பாத்தீங்களா? கவிராயர் கதையில எவ்வளவோ நடந்துச்சு, தூங்கப் போனீங்க. பல்லி சொல்லி ஒண்ணுமே நடக்கலை, அதுக்குள்ள சிம்மாசன நுனிக்கு வந்துட்டீங்க. பந்தியில இலை போடுற மாதிரிதான் இது. இலை விழுந்தா சோறு வரும்னு உக்காந்திருப்போம்ல?”

“நீ இலையைப் போட்டுட்டுச் சோறே போடலையேடா!”

நியாயமான கேள்வி. அரியமுத்து மேலே பார்த்தான். பல்லி சரியாகக் கவிராயர் தலைக்கு மேலே இருந்தது.

“போடறேன் மகாராஜா. நேத்துக் கதை இன்னும் முடியலை. அந்தப் பல்லி இளவரசிக்குச் சொல்லலை. கல்யாணத்துல ‘பல்லியாவது கில்லியாவது’ன்னு சிரிச்ச ஒரு புலவருக்குச் சொல்லுச்சு. அவரால அதை விரட்டக்கூட முடியலை.”

“என்னாலா முடியாது?” கவிராயர் கைத்தடியை உயர்த்தி உத்தரத்தில் ஓங்கி இடித்தார்.

தொப்.

“ஐயோ, தலையில பல்லி!” தலைப்பாகையைக் கழற்றி எறிந்தார். அது ஜன்னல் வழியாக அகழிக்குள் போனது. “இப்படித் திடீர்னு விழுந்துருச்சே!”

“எங்கய்யா திடீர்?” ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். “நேத்துலேருந்து சொல்லிக்கிட்டுத்தானே இருந்துச்சு!”

ராஜா தன் பட்டுத் தலைப்பாகையை அரியமுத்துவுக்குச் சூட்டினார். கவிராயர் இனி ‘திடீர்’ என்ற சொல்லையே எழுதக் கூடாது என்று உத்தரவு போட்டார். “அரியமுத்து, போறப்ப பாகன்கிட்ட யானையை ஓட்டிக்கிட்டுப் போகச் சொல்லிரு.”

அரியமுத்து வெளியே வந்தான். யானை காதை ஆட்டிக்கொண்டு நின்றது. உள்ளே வெறுந்தலையோடு கவிராயர், “நான் வீட்டுக்குப் போறேன்!” என்று கத்துவது கேட்டது.

“உள்ள என்னப்பா ஆச்சு?” என்றான் பாகன்.

அரியமுத்து தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டான். “பல்லி சொல்லுச்சு” என்றான். யானையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் நடையைக் கட்டினான்.