ஒரு பல் மேலே

“ரெண்டாவது கியர் விழ மாட்டேங்குதும்மா. எட்டு மாசமா உயிரை வாங்குது.”

பேச்சியம்மாள் கையிலிருந்த எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தாள். அவள் ஒர்க்‌ஷாப்பைத் தேடி வந்திருந்த தேவநேசனுக்கு அவளைவிட இருபது வயது கூடுதல். மில்லில் காவல் வேலை.

“விழலைன்னா எப்படி?”

“கால்ல தூக்கினா பாதியில நின்னு நியூட்ரலுக்கே வந்துடுது. நேத்துப் பாலத்து ஏத்தத்துல வண்டி அப்படியே செத்துப் போச்சு. பின்னால வந்த லாரிக்காரன் ஒடிச்சுத் திருப்பலைன்னா இன்னைக்கு என்னை அடக்கம் பண்ணியிருப்பாங்க.”

“வேற யாரும் பாத்தாங்களா?”

“மூணு பேர். ஒருத்தன் ஆயில் மாத்தினான். ஒருத்தன் கிளட்ச் கேபிள் மாத்தினான். மூணாவது ஆள் இன்ஜினையே பிரிச்சுப் போட்டான். பழைய இரும்புக்குப் போடுங்கன்னு வீட்டுல சொல்றாங்க. என்னால முடியாது.”

அவள் பைக்கருகே வந்தாள்.

கிளட்சை அமுக்கிப் பார்த்தாள். செயினை விரலால் தூக்கிப் பார்த்தாள். ஆயிலைத் தொட்டு முகர்ந்தாள். பிறகு செருப்புக் காலோடு ஏறி உட்கார்ந்து, தெருக்கோடி வரை ஓட்டிப்போய்த் திரும்பினாள்.

“வண்டியில ஒண்ணுமில்ல அண்ணாச்சி. எல்லா கியரும் நல்லா விழுது.”

தேவநேசனுக்குச் சுர்ரென்று வந்தது. “அப்ப நான் பொய் சொல்றேனா?”

“ஏறி உக்காருங்க.”

உட்கார்ந்தார். அவர் இடது காலருகே அவள் குந்தினாள்.

“ரெண்டாவதுக்குத் தூக்குங்க.”

தூக்கினார். மில்லில் கொடுத்த கனத்த பூட்ஸின் முனை, கியர் லிவருக்கு அடியில் நுழைய இடமில்லாமல் வழுக்கியது.

அவள் லிவரைத் தொட்டாள்.

“இது யார் காலுக்கு வெச்சது?”

அவர் குனிந்து லிவரைப் பார்த்தார்.

“அக்காவுக்கு.”

ஞானசுந்தரி அக்கா கிராமத்து நர்ஸ். சின்னப் பாதம். ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, தடுப்பூசிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, பதினோரு ஊருக்கும் இந்த வண்டியில்தான் போய்வந்தாள். கரிசல் பாதையில் புழுதி கிளம்பினால் பிள்ளைகள் ஓடி ஒளியும். தாய்மார்கள் மோர்ச் செம்போடு வாசலுக்கு வருவார்கள்.

எட்டு மாதத்துக்கு முன் இறந்துபோனாள். அன்றிலிருந்து வண்டி தம்பியிடம்.

“மூணு பேர்கிட்டயும் சொல்லித்தான் விட்டேன்,” என்றார். “உள்ளே என்ன வேணா பண்ணு, வெளியே அக்கா வெச்சது வெச்சபடி இருக்கணும்னு.”

பேச்சியம்மாள் போல்ட்டைக் கழற்றி லிவரை உருவினாள். அது மாட்டியிருந்த தண்டைச் சுற்றிலும் பொடிப் பற்கள்.

“ஒரு பல் மேல ஏத்திப் போட்டா உங்க கால் நுழையும்.”

“அப்புறம் அக்கா வெச்ச இடம் தெரியாமப் போயிடுமேம்மா. அடையாளமா ஒரு கோடு கிழிச்சு வையேன்.”

அவள் லிவரையும் ஸ்க்ரூடிரைவரையும் அவர் கையில் கொடுத்தாள்.

“நீங்களே கிழிங்க.”

அவர் முனையைத் தண்டில் அக்கா வைத்திருந்த பல்லில் வைத்தார். வைத்தபடியே இருந்தார். கண் நிறைந்து, எது எந்தப் பல் என்று தெரியாமல் போனது.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிக் கொடுத்தார். லிவரை ஒரு பல் மேலே வைத்துத் தாமே அழுத்தினார்.

அவள் போல்ட்டை முறுக்கினாள்.

“இனிமே கெட்டுப்போகாம இருக்க என்ன செய்யணும்மா?”

“ஓட்டும்போது காலை லிவர் மேலயே வெச்சிருக்காதீங்க அண்ணாச்சி. மாத்தும்போது தொட்டாப் போதும்.”

தேவநேசன் வண்டியைக் கிளப்பினார். முதல் கியர். கிளட்ச். தூக்கினார்.

‘டக்.’

சாலையோரம் நிறுத்திவிட்டார். எட்டு மாதமாக அவர் காதில் அந்தச் சத்தம் விழவேயில்லை.

முன்பெல்லாம் சாயங்காலம் தெருமுனையில் அது கேட்டதும், வீட்டுக்குள்ளிருந்து அம்மா குரல் கொடுப்பாள்:

“பெரியவ வந்துட்டா. தட்டை எடுத்து வைடா.”