குவிமாடம் ஏறிய சால்வை

மௌன சாமி ஓயாமல் பேசுவார். எப்போதோ ஒருமுறை பல்வலியில் அரைநாள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத் தரிசனத்துக்கு வந்தவர்கள் வைத்த பெயர் அது. பல் போய்விட்டது. பெயர் தங்கிவிட்டது.

அவருடைய சீடர் திருவம்பலம். சீடர் என்றதும் மீசை அரும்பாத பையனை நினைத்துவிட வேண்டாம். வயது ஐம்பத்தெட்டு. ஆறடி ஆள். தேவாரம் பாட வாயைத் திறந்தால் மடத்துப் பசுக்கள் தாமாக வந்து வரிசையில் நிற்கும். பெரியவருக்குப் பிறகு மடம் இவருக்குத்தான் என்று ஊரே பேசி முடித்துவிட்டது.

ஒன்றுதான் பாக்கி. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊர்க் கோயிலில் கும்பாபிஷேகம். அன்றைக்கு மடத்திலிருந்து ஒருவர் மூங்கில் சாரம் ஏறி, ராஜகோபுரத்து உச்சியில் நின்று, கலசத்தில் புனித நீர் ஊற்ற வேண்டும். கீழே மொத்த ஊரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

மௌன சாமி இரண்டு முறை ஊற்றியவர். அதிலிருந்து அவருடைய பிரசங்கத்தில் ஒரு வரி நிரந்தரமாகிவிட்டது. "கோபுரத்து மேலே நின்னு பார்த்தேன். பண்ணையாரும் எறும்பு, பால்காரனும் எறும்பு. எல்லாம் எறும்பு!" இந்த இடம் வந்ததும் கூட்டத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பண்ணையார் மட்டும் மூக்கைச் சிந்துவார்.

"இந்தத் தடவை நீ ஏறு, அம்பலம்," என்றார் மௌன சாமி ஒரு நாள்.

"உத்தரவு," என்றார் திருவம்பலம்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் அவரிடம் இருந்தது. அவருக்கு உயரம் என்றால் பயம். தன் தலை இருக்கும் ஆறடி உயரமே அவருக்குச் சற்று அதிகம்.

கும்பாபிஷேகத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது இத்தாலியிலிருந்து அழைப்பு வந்தது. நாச்சியப்பன் என்கிற செட்டிநாட்டுக்காரர் அங்கே ஓர் ஊரில் இட்லிக் கடை திறக்கிறார். பெரிய சாமியும் சின்ன சாமியும் வந்து முதல் ஈடு இட்லியை ஆசீர்வதிக்க வேண்டும் என்று இரண்டு விமான டிக்கெட் அனுப்பியிருந்தார். ஊரின் பெயர் என் வாயில் வரவில்லை. உளுந்து அரைக்கிற சத்தம் மாதிரி ஒரு பெயர்.

இட்லியை ஆசீர்வதித்தார்கள். வெளியே வந்தால் எதிரே மாதா கோயில். அதன் தலையில் ஒரு குவிமாடம். எவ்வளவு பெரியது என்றால், மேகங்கள் நேரே வந்தால் இடிக்கும் என்று சுற்றிக்கொண்டு போகும். செங்கல் நிறம். உச்சியில் வெள்ளைப் பளிங்கில் ஒரு சின்ன மண்டபம். அதைச் சுற்றி ஆட்கள் நிற்பது கடுகு தாளித்த மாதிரி தெரிந்தது.

"அங்கே எப்படிப் போனாங்க?" என்றார் மௌன சாமி.

"படி இருக்கு சாமி. எல்லாரும் ஏறுறாங்க," என்றார் நாச்சியப்பன்.

"நாமும் ஏறுவோம்," என்றார் மௌன சாமி.

திருவம்பலம் தன் காவிச் சால்வையை இறுக்கிக்கொண்டார். "எதுக்கு சாமி? இங்கேயிருந்தே நல்லா தெரியுது."

"அடுத்த மாசம் கோபுரம் ஏறப்போறவன் நீ. இதைப் பழக்கம்னு வச்சுக்கயேன்."

வாசலில் காவலாளி கையைக் குறுக்கே நீட்டினான். மௌன சாமியின் வெற்றுத் தோளைக் காட்டி விரலை ஆட்டினான். நம்மூரில் சட்டையைக் கழற்றச் சொல்லி நிறுத்துவார்கள். இங்கே போடச் சொல்லி நிறுத்தினார்கள்.

திருவம்பலத்தின் முகத்தில் அன்றைய முதல் வெளிச்சம். "சட்டை போட்டுக்கிட்டு சாமி முன்னால போறதா? அபசாரம். திரும்பிடலாம்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் மௌன சாமி நாச்சியப்பனின் ஸ்வெட்டரைக் கழற்றித் தன் தலை வழியாக மாட்டிக்கொண்டிருந்தார். பச்சை நிறம். மார்பில் ஒரு பெரிய சேவல்.

"எப்படி இருக்கேன்?"

"கூவாத குறைதான் சாமி," என்றார் நாச்சியப்பன், குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டே. "நீங்க போய்ட்டு வாங்க. எனக்கு முட்டி வலி. இங்கேயே நிக்கிறேன்."

திருவம்பலத்துக்கு அடுத்தது தோன்றியது. "சாமி, சன்னிதிக்கு மேலே கால் வைக்கலாமா? தெய்வத்தோட தலையை மிதிக்கிற மாதிரி ஆகாதா?"

"அடுத்த மாசம் எங்கே கால் வைப்பே?"

திருவம்பலம் படியில் கால் வைத்தார்.

அந்தப் படிக்கட்டை நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். மூச்சை உள்ளே இழுத்தவர் முன்னே போகலாம். வெளியே விட்டவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். அவர்களுக்கு முன்னால் போன ஒரு தொப்பைக்காரர் இரண்டு இடத்தில் செருகிக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் தள்ளியதில் கீழே இருந்ததைவிட ஒல்லியாக மேலே போய்ச் சேர்ந்தார். சுவரெல்லாம் ஏறினவர்களின் பெயர் கிறுக்கியிருந்தது. நம்மூர் மலைக்கோட்டை மாதிரியே இதயத்தில் அம்பு விட்டிருந்தார்கள்.

சுற்றிச் சுற்றி ஏறியதும் ஒரு கதவு. கதவைத் தாண்டினால் குவிமாடத்தின் உட்புறம்.

உள்சுவரை ஒட்டி வட்டமாக ஒரு மாடம். ஓர் ஆள் போகிற அகலம். ஒரு பக்கம் கைப்பிடி, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. வெகு கீழே பளிங்குத் தரை. தலைக்கு மேலே குவிமாடம் முழுக்கச் சித்திரம்: நடுவில் சொர்க்கம், ஓரத்தில் நரகம். மாடத்தில் நடப்பவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது நரகம். கொம்பு வைத்த ஒருவன் ஒரு ஆளைத் தலைகீழாகப் பிடித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தான்.

திருவம்பலம் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். நின்றுவிட்டார்.

"ஏன் நின்னுட்டே?" என்றார் பின்னாலிருந்து மௌன சாமி.

"சாமி, அம்புக்குறியைப் பாருங்க. இந்தப் பக்கமாப் போகச் சொல்றான். போனா பீடம் நமக்கு இடது பக்கம் வருது. இது அப்பிரதட்சிணம்! சாவு வீட்டுலதான் இப்படிச் சுத்துவாங்க."

"அந்தப் பக்கமாப் போனா?"

"அந்தப் பக்கம் கயிறு கட்டியிருக்கான். நமக்கு வழி இல்லை சாமி. திரும்பிடுவோம்."

திரும்ப முடியாது. பின்னால் உலகத்து ஜனமெல்லாம் வரிசையில் நின்றது. ஒருவர் இருமினார். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். மாடத்தின் மறுகோடியில் காவலுக்கு இருந்த அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தாள். திருவம்பலத்தைப் பார்த்துக் கையை வீசி, முன்னால் போகச் சொல்லி அவள் பாஷையில் ஒரு கத்துக் கத்தினாள்.

"அவான்தி! அவான்தி!"

குவிமாடம் அதை வாங்கி நாலு பக்கமும் திருப்பிச் சொன்னது. வான்தி... வான்தி... வான்தி...

திருவம்பலத்தின் முகம் வெளுத்தது. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சாமி," என்றார், "எனக்கு வாந்தி வருதுன்னு அவளுக்கு எப்படித் தெரிஞ்சது?"

மௌன சாமி ஒன்றும் சொல்லவில்லை. பல்வலிக்குப் பிறகு இப்போதுதான்.

"வருதா?" என்றார் கடைசியில்.

"பரணில ஏறினாலே வரும் சாமி. சின்ன வயசிலேருந்தே. சட்டை, பிரதட்சிணம் எல்லாம் சும்மா. எனக்கு உயரம்னா பயம்." ஆறடி ஆள் ஒரு முழமாகச் சுருங்கியிருந்தார். "கோபுரத்துக்கு வேற ஆளைப் பார்த்துக்குங்க. மடத்துக்கும் வேற ஆளைப் பார்த்துக்குங்க. சாரத்துல நான் வாந்தி எடுத்தா, கீழே அண்ணாந்து பார்க்கிற ஜனம் அதையும் தீர்த்தம்னு கையேந்தும்."

"அவான்தி!" என்றாள் அம்மாள்.

"இருங்கம்மா, பேசிக்கிட்டிருக்கோம்," என்றார் மௌன சாமி தமிழில். பிறகு சீடரிடம், "சரி, வேற ஆளைப் பார்ப்போம். ஆனா இப்போ திரும்ப வழியில்லை. நீ முன்னால போ. உன் சால்வை நுனியை நான் பிடிச்சுக்கிறேன்."

"நான் விழுந்தா?"

"பிடியை விடமாட்டேன்."

திருவம்பலம் நரகத்தைத் தோளால் உரசிக்கொண்டு நடந்தார். அந்த அம்மாளைத் தாண்டும்போது கும்பிட்டார். அவள் சேவலைப் பார்த்துச் சிரித்தாள்.

அதற்கு மேல் படிக்கட்டு வேறு மாதிரி. அந்தக் குவிமாடம் ஒன்றல்ல, இரண்டு. ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்த சட்டி. இரண்டு சட்டிக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில்தான் வழி. சுவர் சாய்ந்து தோளில் படுத்தது. படி ஏணி மாதிரி நிமிர்ந்தது.

"அம்பலம், எந்தப் பக்கம் வளையுது?" என்றது பின்னாலிருந்து குரல்.

"வலது பக்கம் சாமி. இங்கே குனிங்க. கூரை தாழ்வா இருக்கு."

"இப்போ?"

"நிமிரலாம். இடது கைப்பக்கம் கம்பி இருக்கு, பிடிச்சுக்குங்க. இந்தப் படி தேய்ஞ்சிருக்கு, பார்த்து. காலை நல்லா தூக்கி வைங்க."

"ஜன்னல் வருதா?"

"வருது. அந்தப் பக்கம் பார்க்காதீங்க சாமி. நான் பார்த்துட்டேன், போதும்."

சால்வை இழுபட்டபோதெல்லாம் திருவம்பலம் நின்றார். பெரியவருக்கு மூச்சு வாங்குகிறது போல என்று நினைத்துக்கொண்டார். தளர்ந்ததும் ஏறினார். ஒரு இடத்தில் கையைப் பின்னால் நீட்டி அவரைத் தூக்கிவிட்டார். அப்படிப் படி, கம்பி, கூரை என்று சொல்லிக்கொண்டே போனதில், அடுத்து எதைச் சொல்வது என்று பார்த்தால் சொல்ல ஒன்றுமில்லை. வானம்தான் இருந்தது.

உச்சிக்கு வந்துவிட்டார்கள்.

காற்று சால்வையைக் கொடி மாதிரி அடித்தது. திருவம்பலம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாந்தி வரவில்லை. கும்பாபிஷேகத்தில் கருடன் வட்டமிடும். இங்கே ஒரு புறா வந்து தொப்பைக்காரரின் பிஸ்கட்டைச் சுற்றிப் பறந்தது.

திரும்பிப் பார்த்தார். மௌன சாமி பளிங்கு மண்டபத்தின் தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. உதடு மெல்ல அசைந்தது. ஒரு கை இன்னும் சால்வை நுனியை விடவில்லை. அந்தக் கோலத்தைப் பார்த்து ஒரு ஜப்பான்காரம்மாள் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டாள்.

திருவம்பலத்துக்கு உடம்பு சிலிர்த்தது. உட்கார்ந்து, காதருகே, "சாமி, சமாதியா?" என்றார்.

"கீழே போற வழி எந்தப் பக்கம்?" என்றார் மௌன சாமி.

"கண்ணைத் திறங்க சாமி."

"மாட்டேன்."

"ஏன் சாமி?"

"உனக்கு எது பயமோ எனக்கும் அதுதான்."

புறா இரண்டு சுற்றுச் சுற்றியது.

"எப்போ சாமி கண்ணை மூடினீங்க?"

"அந்த அம்மா வாந்தின்னு கத்தினப்போ."

"அப்போ கோபுரத்துல ரெண்டு தடவை ஏறினது?"

"ரெண்டு தடவையும் இப்படித்தான். ஜனம் கீழேயிருந்து பார்த்துட்டு, நிஷ்டையில இருக்கார்னு கன்னத்துல போட்டுக்கிச்சு."

"கலசத்துல தண்ணி ஊத்தினீங்களே?"

"பாதி கலசத்துல. பாதி பக்கத்துல நின்ன குருக்கள் தலையில. அந்தப் பாக்கியத்தை அவர் இன்னைக்கும் சொல்லிக்கிட்டுத் திரியறார்."

"ஏறுறப்போ வழி எப்படித் தெரிஞ்சது?"

"முதல் தடவை எங்க குருநாதர் சால்வையைப் பிடிச்சுக்கிட்டு ஏறினேன். அவரும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் ஏறியிருக்கார்."

"உங்க கண்ணுதான் மூடியிருந்ததே, அது எப்படித் தெரியும்?"

"ஒரே மூங்கில்ல முதல்ல அவர் முட்டினார். அப்புறம் நான் முட்டினேன்."

திருவம்பலம் சிரிக்க ஆரம்பித்தார். ஆறடி உடம்பும் குலுங்கியது. தேவாரக் குரலில் வந்த சிரிப்பு. கீழே ஊர் மணி அடித்ததாக நினைத்து இரண்டு கடைக்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்தியதாகக் கேள்வி.

"சிரிச்சது போதும்," என்றார் மௌன சாமி. "இவ்வளவு தூரம் கண்ணைத் திறந்துக்கிட்டு ஏறியிருக்கே. கீழே என்ன தெரியுது, சொல்லு. எறும்பா?"

திருவம்பலம் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நாச்சியப்பன் தெரியறார் சாமி."

"எறும்பு மாதிரி?"

"நாச்சியப்பன் மாதிரியே. ஸ்வெட்டர் இல்லாம குளிருது போல. ஒரு கால்ல நிக்கிறார். இப்போ அடுத்த கால்ல நிக்கிறார். நம்மளைத்தான் அண்ணாந்து தேடறார்."

மௌன சாமி மார்பிலிருந்த சேவலைத் தடவிப் பார்த்தார்.

"அட ராமா. இருபத்துநாலு வருஷமா எறும்புன்னு சொல்லிட்டேனே! பண்ணையார் வேற மூக்கைச் சிந்தினார்."

இறங்கும் வழியில் வரிசை நகர ஆரம்பித்தது. திருவம்பலம் பெரியவரைக் கைகொடுத்து எழுப்பினார். முதல் படியில் கால் வைக்குமுன் நின்றார். ஒரு கை இன்னும் கம்பியை விடவில்லை.

"சாமி, அடுத்த மாசத்துக்குள்ள எனக்குப் பயம் போயிடுமா?"

மௌன சாமி கண்ணை மூடியபடியே சால்வை நுனியைத் தேடிப் பிடித்து, கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"பயம் அது பாட்டுக்கு இருக்கட்டும். நாம கோபுரம் ஏறச் சால்வைதான் பத்தலை. ஊருக்குப் போனதும் நீளமா ஒண்ணு வாங்கிடு."